திருப்பிக் கொடுத்த புத்தகமும் திறந்த மூலமும்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் பூட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அச்சு இயந்திரங்களை ஓட்டும் ஒரே மென்பொருளுக்கு நிரல் எழுதியவர். அதில் ஒரு வரியைக்கூட வெளியாள் பார்க்க முடியாது. அதற்குப் பூட்டு போட்டவரும் அவர்தான். பூட்டின் மேல் இன்னொரு பூட்டு போட்டவரும் அவர்தான். அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை.

ஒரு நாள் கம்பெனி அந்த மென்பொருளையே இழுத்து மூடிவிட்டது. பூட்டு இருந்தது, வீடு இல்லை. வேறு வேலை தேடி மூன்று நேர்காணல்களுக்குப் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவருடைய அனுபவத்தை விடக் கொஞ்சம்தான் வயது அதிகம். மூன்று இடத்திலும் ஒரே கேள்வி: நீங்கள் எழுதிய நிரலை எங்கே பார்க்கலாம்? அது ரகசியம் என்றார் பூட்டு சார், நெஞ்சை நிமிர்த்தி. அவர்கள் மரியாதையாகத் தலையாட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாசலைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"இனிமே நான் திறந்த மூலத்துக்கு மாறப்போறேன்."

சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு மாப்பிள்ளை? வெக்கப்படாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

பூட்டு சார் பொறுமையாக விளக்கினார். இது ஓப்பன் சோர்ஸ். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், நல்ல திருத்தமாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். மாமியார் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, எதுக்கும் காரத்தைக் குறைச்சுக்குங்க என்றார்.

அவர் மனைவி பொது நூலகத்தில் நூலகர். துணி மடித்துக்கொண்டே, எங்கள் நூலகத்தில் ஓடுவதும் அந்த மாதிரி மென்பொருள்தான், பல நாடுகளில் ஓடுகிறது என்று மட்டும் சொன்னாள். அப்படியென்றால் அதையே கரையேற்றிவிடுகிறேன் என்று பூட்டு சார் பெரிய மனது பண்ணினார்.

இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. புத்தகம் கொடுத்து வாங்கும் பகுதி முழுவதையும் அடித்து, நாலாயிரம் வரியில் புதிதாக எழுதி, அதை நடத்தும் குழுவுக்கு அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. ஆறு வரி. வருக, நன்றி. ஆனால் இது மிகப் பெரியது. ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எழுதப்படவில்லை. புதியவர்களுக்கான வழிகாட்டியைப் படியுங்கள். 'தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது' என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

தொடக்கக்காரர் என்ற சொல் அவரைத் தேள் மாதிரி கொட்டியது. தன் பத்தொன்பது வருஷ வரலாற்றை ஐந்து பத்தியில் எழுதிப் பதிலாகப் போட்டார். அதற்குக் கீழே யாரோ ஒரு சிரிக்கும் முகத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

சாப்பிடும்போது என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். எல்லோரும் அசந்துபோய்விட்டார்கள், பதில் சொல்ல வார்த்தை வரவில்லை என்றார் பூட்டு சார். அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று அவள் இன்னொரு கரண்டி பரிமாறினாள். பழைய கம்பெனியில் திட்டு வாங்கினால் அது நாலு சுவரைத் தாண்டாது. இங்கே சுவரே கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் தொடக்கக்காரர் பட்டியலைத் திறந்தார். மூன்று வருஷமாக யாரும் தொடாத ஒரு புகார் இருந்தது. எழுதியவர் பெயர் 'அலமாரி'. வாசகர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும், நீங்கள் இன்னும் திருப்பித் தரவில்லை என்று கடிதம் போகிறது. தினமும் ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்து, நான் என்ன திருடனா என்று கேட்கிறார். அதற்குக் கீழே இரண்டு நாள் முன்னால் சேர்த்த புது வரி ஒன்று: 'நிறைய அனுபவம் உள்ள ஒருவரால்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன்.'

பூட்டு சார் அந்த வரியை நாலு தடவை படித்தார். பிறகு, இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார்.

கடிதங்களை முதல்நாள் சாயந்திரமே தயார் செய்துவிட்டு, மறுநாள் காலையில் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் புத்தகம் திரும்பி வந்ததா என்று பார்ப்பதில்லை. அனுப்பும் முன் ஒரு தடவை பார்க்க வைத்தால் போதும். மொத்தம் பதினோரு வரி. அந்தப் பதினோரு வரி மூன்று வாரம் ஆளை வாட்டியது. ஒரு தடவை பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை சோதனை போதாது என்றார்கள். ஒரு தடவை வெறும் முற்றுப்புள்ளிக்காகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கொதித்து எழும்போது அலமாரியிடமிருந்து ஒரு வரி வரும். சோதித்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது, இன்னும் கொஞ்சம்தான். உடனே அடங்கிப்போய், 'நன்றி, திருத்திவிட்டேன்' என்று எழுதுவார். பத்தொன்பது வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையையும் அவர் சேர்த்து எழுதியதே இல்லை.

"அலமாரின்னு ஒருத்தர். ஏதோ பெரிய பல்கலைக்கழகத்துத் தலைவரா இருக்கணும்" என்றார் மனைவியிடம். "என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே மனுஷன்."

"மனுஷன்தான்னு எப்படித் தெரியும்?"

"எழுத்துலயே தெரியுதே. அவ்வளவு நிதானம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் பதினோரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். புதிய பதிப்பின் நன்றிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூட்டு சார் அதைத் தானே ஒன்பது தடவை போய்ப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்து, குணமாயிடுச்சா மாப்பிள்ளை என்று மாமியார் கேட்டார். பூரணமாக என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் நேரில் சொல்ல நூலகத்துக்கே நடந்தார்.

கவுன்டரில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தைக் கொடுத்த பிறகு எனக்குக் கடிதம் வரவில்லை, என்னவோ ஏதோ என்று பயந்து வந்தேன் என்றார். பயப்படாதீங்க, சரிபண்ணியாச்சு என்று மனைவி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பூட்டு சாரும் எட்டிப் பார்த்தார். அவருடைய பதினோரு வரி. மேலே ஓரத்தில், உள்ளே நுழைந்திருப்பவர் பெயர்: அலமாரி.

அந்த ஐந்து பத்தி ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் அளந்தது ஞாபகம் வந்தது. காது சூடாகிவிட்டது.

"ஆரம்பத்துலேருந்தே எல்லாத்தையும் படிச்சியா?"

"எல்லாருக்கும் திறந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே."

"மூணு வருஷமா வீட்டுலதான் சொன்னேன். ஆபீஸ் வேலை இருக்குன்னீங்க. அங்க எழுதினேன், உடனே செஞ்சீங்க."

அவர் மெதுவாகத் திரையைப் படித்தார். நன்றிப் பட்டியலில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அலமாரி பதினேழு இடத்தில் இருந்தது. புதியவர்களுக்கான வழிகாட்டியை எழுதியதே அலமாரிதான். அவரை அந்தப் பாடு படுத்திய ஆள்கூட, அலமாரி பார்த்துவிட்டால் எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தார். அவமானம் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதை முந்திக்கொண்டு வேறொன்று நெஞ்சில் நிறைந்தது. இத்தனை பெரிய ஆளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உயரம் இரண்டு அங்குலம் கூடிவிட்டது.

சார் யாரு என்று கண்டக்டர் கேட்டார். பூட்டு சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மனைவி வாயால் அதைக் கேட்கத் தயாரானார்.

"எங்க குழுவுல புதுசா சேர்ந்திருக்கார்" என்றாள் அவள். "இப்பத்தான் கத்துக்கறார், ஆனா ஆர்வம் இருக்கு."