ஒரே ஷொட்டில் ஒரு கூடை கணவாய்

உலக சினிமாவைக் கீரி என்ற தன் கடற்கரைக் கிராமத்திலிருந்தே திருத்திவிடுவதென்று கொன்ஸ்ரன்ரைன் ஞாயிறு பூசையில், பிரசங்கத்தின் நடுவிலேயே தீர்மானித்துவிட்டார். காரணம் மைத்துனர் எட்வேட். அரிப்பு என்ற ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். மாப்பிள்ளை தும்மினாலும் அதை மெதுவாக்கி, சுற்றிவர இதயங்களைப் பறக்கவிடுபவர். இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறார். அதற்குள் ஒரு படம் எடுத்து, கலை என்றால் என்னவென்று அவருக்குக் காட்டியாக வேண்டும்.

வீடு திரும்பியபோது குசினி வாசலில் மனைவி றஞ்சிதம் ஒரு கூடை கணவாய் மீனோடு குந்தியிருந்தாள்.

"இஞ்சை பார், நீ கணவாயைத் துப்பரவாக்கு. நான் படம் எடுக்கிறன்."

"இந்தக் கோலத்திலயோ?"

"கோலம் தேவையில்லை. முந்தி நாடகம் பாக்கிறவன் மாதிரி கமராவை ஒரு இடத்தில வைச்சுத்தான் எடுத்தவை. பிறகு கிட்டப்போய் முகத்தை எடுத்தவை. பிறகு துண்டு துண்டா வெட்டி ஒட்டினவை. கடைசியில கொஞ்சப்பேர் வந்து, ஒட்டினது பொய், விடாமல் ஒரேயடியா எடுக்கிறதுதான் உண்மை எண்டிட்டினம்."

"இடையில நிப்பாட்டேலாதோ?"

"கூடாது. வேலை முடியுமட்டும் கமரா ஓடோணும்."

"ஆர் நடிக்கிறது?"

"நடிக்கத் தெரியாத ஆள்தான் வேணும். ஒரு வேலையை முதன்முதல் செய்யிற ஆளின்ரை முகத்திலதான் உண்மை இருக்கும்."

றஞ்சிதம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் சரிவரமாட்டன். கட்டின நாள் தொட்டு இந்த வேலை, என்ரை கை தானா நடிக்கும். நீங்கள் ஒருநாளும் கணவாயைத் தொட்டதில்லை. உங்கடை முகத்திலதான் உண்மை வடியும்."

கொன்ஸ்ரன்ரைன் யோசித்தார். கோட்பாடோ அவருடையது. முகமும் அப்படியொன்றும் மோசமில்லை.

குந்தினார். றஞ்சிதம் அவருடைய போன் கமராவை ஓடவிட்டு, கதிரையில் நிறுத்திவிட்டு அதன் பின்னால் நின்றாள். முதற் கணவாயே அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் மையைக் கக்கியது.

"ஐயோ, என்ன வடிவான கறுப்பு வெள்ளை! கமராவைப் பாக்காதேங்கோ. தலையை இழுங்கோ. தோலை உரியுங்கோ. எழும்பாதேங்கோ, உண்மை குழம்பிடும்!"

கடலில் வெயில் நொறுங்கிக் கிடந்தது. காகங்கள் மதிலில் வரிசையாக இருந்து ஓசியில் படம் பார்த்தன. கூடையின் அடி தெரிந்தபோது படமும் முடிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ரீவியில் போட்டார்கள். எட்வேட் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கடைசிவரை பார்த்தார்.

"ஒரு இதயமும் பறக்கேல்லை. ஆனாலும் என்ன படம்! இதை எடுத்த கையைப் பிடிச்சுக் குலுக்கோணும்!"

கொன்ஸ்ரன்ரைன் மெல்ல எழுந்து கையை நீட்டினார். எட்வேட் அவரைத் தாண்டிப்போய் றஞ்சிதத்தின் கையைப் பிடித்தார்.

"அக்கா, வாற சனிக்கிழமைக் கலியாணத்துக்கு நீங்கள்தான் கமரா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அங்கை சமையலுக்குக் கணவாய் கூடை கூடையா வருகுது."