மேட்டில் ஏறிய பூசணிக்காய்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்தால் போதும், பாப்பாரப்பட்டிக்கு மேற்கே நாகமேட்டில் நிற்க இடம் இருக்காது. தேர் உண்டா என்றால் இல்லை. கோயில் உண்டா என்றால் அதுவும் இல்லை. லாரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள், எங்கிருந்தோ தள்ளிக்கொண்டே வந்த ஒரு பழைய வேன் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சொந்தக்காரர் கையில் ஒரு பூசணிக்காய், முகத்தில் பரீட்சை எழுதப்போகிறவரின் கவலை.

பரீட்சை நடத்துகிறவர் வாகனச் சித்தர். மனிதனுக்கு ஜாதகம் பார்க்கிற தொழிலில் போட்டி அதிகம் என்பதால் இவர் வண்டிக்குப் பார்த்தார்.

"பொண்டாட்டி அமையற மாதிரிதாங்கப்பா வண்டி அமையறதும். வண்டிக்கு உன்னையப் புடிக்கணும். புடிக்கலைன்னா மலையில கொண்டு போயி உருட்டி வுட்டுடும்" என்பார். இரண்டையும் அனுபவித்தவர்கள் பெருமூச்சு விட்டுத் தலையாட்டுவார்கள்.

அவருடைய குடிசைக்கு முன்னால் ரோடு மேடாக ஏறும். இரண்டு பக்கமும் கரடு என்கிற மொட்டைக் குன்று. ரோட்டின் குறுக்கே சித்தர் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். குடிசைக்குப் பக்கத்தில் குங்குமக் கோடு, கொஞ்சம் மேலே தள்ளி மஞ்சள் கோடு. வந்தவர் முதலில் குங்குமக் கோட்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். சித்தர் மந்திரம் சொல்வார். வண்டி அசையாது. அதுதான் தோஷம். பரிகாரம் முடிந்து தட்டில் தட்சணை விழுந்ததும், "இப்ப மஞ்சக் கோட்டுக்கு வா" என்பார். அங்கே அதே மாதிரி காலை எடுத்தால், எஞ்சின் ஓடாமலே வண்டி மேட்டில் ஏறும். மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மேலே வேப்பமரத்தடியில் பிரேக் போட்டு நிறுத்துகிற வரைக்கும் போகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பூசணிக்காய் உடையும். அடுத்த வண்டி வரும்.

திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. மேட்டிலிருந்து கீழே இறங்கும் வண்டிக்கு எஞ்சினைப் போட வேண்டும். சுமை ஏற்றிய லாரி என்றால் முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டு இறங்கும். ஏறுவதற்கு எண்ணெய் வேண்டாம், இறங்குவதற்கு வேண்டுமாம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் தெய்வக் குற்றம். ஓவர் லோடு ஏற்றும்போது வராத பயம் இதற்கு மட்டும் வந்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் இண்டூர் செபாஸ்டின் தன் ஜீப்பைக் கொண்டு வந்தார்.

செபாஸ்டினுக்கு மாந்தோப்பும் புளி வியாபாரமும் இருந்தன. நான் சொல்வது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில். அப்போது எங்கள் ஜில்லாவில் ஜீப் என்றாலே சர்க்கார். "கார் வாங்கலாமே" என்றவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார். "காரு வாங்குனா பணக்காரன்னு சொல்லுவாங்க. ஜீப்பு வாங்குனா எந்திரிச்சு நிப்பாங்க."

ஜீப்புக்காக விற்றது அவர் நிலத்தை அல்ல, மனைவி ரோசம்மாளின் தாய்வீட்டுச் சீதனமான புளியந்தோப்பை. அவளை ஏமாற்றி விற்கவில்லை. அவளுக்கும் ஆசைதான். "வாங்கறதுன்னு ஆயிட்டா நல்லதா வாங்குங்க. மழைக்கு ஒழுவாத டாப்பு வேணும். ஒக்காந்தா அமுங்குற சீட்டு வேணும்" என்று அவளே சொன்னாள். சொன்னதற்கு மேலேயே வந்தது. சிவப்பு ரெக்சின் தைத்த மெத்தை சீட்டு, வெல்வெட் திரை, ரேடியோ, முகத்துக்கு நேரே குட்டி மின்விசிறி, இரண்டு குரலில் கத்துகிற ஹாரன். ஜில்லாவில் வேறு எந்த ஜீப்புக்கும் இந்த அலங்காரம் இல்லை.

ஜீப் முதன்முதலில் இண்டூருக்குள் நுழைந்த அன்று, சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் பானையைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிற ஜீப் என்று நினைத்து, கல்யாணமான ஆண்கள் கம்பங்காட்டுக்குள் புகுந்தார்கள். செபாஸ்டினுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசர் ஆவதற்குப் படிக்கவே தேவையில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். அந்த மாதமே டயர் பஞ்சரானது, ஒரு வெள்ளாடு குறுக்கே வந்து செத்தது, ரேடியோ ஊமையானது. டயர் என்றால் பஞ்சராகும், ஆடு என்றால் குறுக்கே வரும் என்று எண்ண செபாஸ்டினுக்கு மனம் வரவில்லை. சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் வண்டி புரோக்கர் கிருஷ்ணப்பன். ஜீப் வந்த நாளிலிருந்தே அதைச் சுற்றிச் சுற்றி வந்தவர்.

"வண்டிக்கு உங்களப் புடிக்கலைங்க போல. சித்தருகிட்ட ஒருக்கா காட்டிடுங்க."

"நாங்க வேதக்காரருங்க. அங்கெல்லாம் வரலாமுங்களா?"

"நீங்க வேதக்காரருதான். வண்டி என்ன ஞானஸ்நானமா வாங்கியிருக்குது?"

இந்த வாதம் செபாஸ்டினுக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு மனைவியையும் ஏற்றிக்கொண்டு நாகமேட்டுக்குப் போனார்.

குங்குமக் கோட்டில் ஜீப் அசையவில்லை. பரிகாரம் செய்தார். அன்று வந்த மற்றவர்களை உடனே மஞ்சள் கோட்டுக்கு அனுப்பிய சித்தர், செபாஸ்டினை மட்டும் "அடுத்த ஞாயிறு வா" என்றார். வந்தார். மறுபடியும் குங்குமக் கோடு, மறுபடியும் அசையவில்லை. அதற்கடுத்த வாரம் சித்தர் பானெட்டில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். தலையை நிமிர்த்தியபோது கண்ணில் நீர். நல்ல பயிற்சி.

"இது உனக்கு வந்த வண்டி இல்லப்பா. வெச்சிருந்தீன்னா உங்க வூட்டுல ஒரு உசுர கேக்கும். இத யாரு ஏத்திக்கிட்டு மேல போறானோ, அவன் குடுக்கறத வாங்கிக்கிட்டு வண்டிய வுட்டுடு."

கூட்டம் ஜீப்பை விட்டு ஓரடி தள்ளி நின்றது. கிருஷ்ணப்பன்தான் கூச்சப்பட்டுக்கொண்டே முன்னால் வந்தார். "எனக்கெதுக்குங்க ஜீப்பு? சாமி சொன்னதுக்காவ ஒக்காந்து பாக்கறேன்" என்றார். சித்தர் அவரை மஞ்சள் கோட்டில் உட்கார வைத்தார். ஜீப் வெல்வெட் திரை ஆட, புது மாப்பிள்ளை மாதிரி மேட்டில் ஏறிப் போயிற்று. வாங்கிய விலையில் பாதிக்குப் பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் வண்டியை ஒப்படைப்பது என்று ஆயிற்று.

ரோசம்மாள் வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, என் தோப்ப வித்து வாங்குன வண்டிய அந்த ஆளுக்கு பாதி வெலைக்கு குடுக்கறதா?"

"நான் என்ன பண்றது ரோசம்மா. எனக்கு நவுரல, அவனுக்கு நவுந்துச்சு. கண்ணால பாத்தியில்ல?"

"பாத்தேன். அங்க மோரு விக்கறாளே நஞ்சம்மா, அவ டம்ளர் கழுவி ஊத்துன தண்ணியவும் பாத்தேன். அதுவும் மேட்டுல ஏறித்தான் போவுது. எச்சித் தண்ணிக்குமா வாகன யோகம் இருக்குது?"

செபாஸ்டின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சித்தரு இருக்குற எடமில்ல. அதனால இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உசுர கேக்கும்னு சொல்றாரு. ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

ரோசம்மாளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மனுஷன் பேராசைக்காரர் அல்ல, பயந்தாங்கொள்ளி. அவள் அதிகம் வாதாடவில்லை. "சரிங்க, குடுக்கறதுக்கு முந்தி எனக்கொரு சந்தேகம் கேக்கணும். அதுக்கு மட்டும் தடை சொல்லாதீங்க" என்றாள்.

அந்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. உயிர் கேட்கிற ஜீப்பைப் பார்க்க அரூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ரோசம்மாள் ஒரு கையில் சொம்புத் தண்ணீரும் இடுப்பில் ஒரு பூசணிக்காயுமாக இறங்கினாள்.

"சாமி, வண்டி கைமாறுறதுக்கு முன்ன இதுக்கு யோகம் இருக்குதான்னு பாக்கணும்" என்று பூசணிக்காயை மஞ்சள் கோட்டில் வைத்தாள். கூட்டம் சிரித்தது. அவள் கையை எடுத்தாள்.

பூசணிக்காய் ஒரு தரம் யோசித்தது. பிறகு உருண்டது. கீழே அல்ல, மேலே. மேட்டில் குடுகுடுவென்று ஏறி, வேப்பமரத்தையும் தாண்டிப் போய் ஒரு புதரில் மாட்டிக்கொண்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

சித்தர் அசரவில்லை. "பூசணிக்காய் திருஷ்டி கழிக்கிற பொருள். அதுல தெய்வம் இருக்குது. ஏறத்தான் செய்யும்" என்றார். நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் புதரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ரோசம்மாள் சொம்பைச் சாய்த்தாள். குங்குமக் கோட்டில் ஊற்றிய தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றது. மஞ்சள் கோட்டில் ஊற்றிய தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடியது.

"இங்க நின்னா எதுவும் நவுராது. அங்க நின்னா எல்லாம் நவுரும். இதுல ஆளு எங்க வருது, யோகம் எங்க வருது? வேணும்னா எடத்த மாத்தி ஒக்காரட்டும். கிருஷ்ணப்பண்ணன் குங்குமக் கோட்டுல, எங்க வூட்டுக்காரரு மஞ்சக் கோட்டுல."

"கூடாது. வண்டி கோவிச்சுக்கும்" என்றார் சித்தர்.

"கோவிச்சுக்கட்டும் சாமி. போன மாசம் எங்கிட்ட வாங்குனது எதுக்குன்னு எனக்கும் தெரியணுமில்ல" என்றார் ஒரு லாரி டிரைவர். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கையை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு சித்தர் வழியை விட்டு ஒதுங்கினார்.

கிருஷ்ணப்பன் குங்குமக் கோட்டில் உட்கார்ந்தார். காலை எடுத்தார். ஜீப் கல் மாதிரி நின்றது. சீட்டில் இருந்தபடியே முன்னும் பின்னும் எக்கிப் பார்த்தார். மெத்தைதான் குலுங்கியது.

செபாஸ்டின் மஞ்சள் கோட்டில் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உயிர் கேட்டால் தன்னுடையதைக் கேட்கட்டும் என்பது மாதிரி திரையை ஒதுக்கிவிட்டு நேரே பார்த்தாள். அவர் காலை எடுத்தார். ஜீப் ஒரு கணம் நின்றது, பிறகு மெல்லக் கிளம்பி இரண்டு பேரையும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியது. வேப்பமரத்தடியில் பிரேக் போட்டபோது ரோசம்மாள் அழுதுகொண்டிருந்தாள். தோப்புப் போன அன்றுகூட அவள் அழவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அங்கே ரோடு ஏறவில்லை, இறங்குகிறது. இரண்டு பக்கத்துக் கரடும் அதே பக்கமாக, ரோட்டைவிட அதிகமாகச் சாய்ந்து கிடப்பதால் இறக்கம் கண்ணுக்கு ஏற்றமாகத் தெரிகிறது. குங்குமக் கோடு இருக்கிற இடம் சமதரை. கண் ஏமாறும், தண்ணீர் ஏமாறாது.

லாரி டிரைவர்கள் சுற்றி நின்று விசாரித்ததில் சித்தர் வெகு சீக்கிரம் சுயபாஷைக்கு வந்தார். முன்பு லாரி கிளீனராம். ஒருநாள் இந்த ரோட்டில் சக்கரத்துக்குக் கட்டை போட மறந்துவிட்டாராம். லாரி தானாக மேட்டில் ஏறியதாம். வேறு எவராவது என்றால் டிரைவரிடம் சொல்லி உதை வாங்கியிருப்பார். இவர் காவித் துணி வாங்கினார். சொந்தக்காரரைப் 'பிடிக்காத' வண்டிகளை எல்லாம் பாதி விலைக்கு வாங்கி விற்றதில் கிருஷ்ணப்பன் பங்காளி. அந்தப் பங்காளி, விசாரணை தொடங்குமுன்பே செருப்பை விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் போயிருந்தார். எஞ்சின் உதவியில்லாமல்தான் போனார். நல்ல வேகம்.

தட்டிலிருந்ததைக் கூட்டம் திரும்பப் பிரித்துக்கொண்டது. நஞ்சம்மாள் மட்டும், "இனிமே எம் மோர யாரு குடிப்பாங்க?" என்று கவலைப்பட்டாள். ரோசம்மாள் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்து, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜீப் கிளம்புகிற நேரத்தில் டிராக்டர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரோசம்மாள் பக்கத்துச் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை நின்றுவிட்டது.

"ஆத்தா, ஒங்ககிட்ட ஏதோ சக்தி இருக்குதுங்க. எங்க டிராக்டரையும் ஒருக்கா பாத்து சொல்லுங்க."

ரோசம்மாள் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எங்கிட்ட ஒரு சக்தியும் இல்லீங்க. ஒரு சொம்பு தண்ணி இருந்துச்சு, ஊத்திப் பாத்தேன். ஏங்க, உங்க வூட்டுல தண்ணிகூடவா இல்ல?"