கொடுவா மீனுக்கு நாடி எழுபத்திரண்டு

லாஸ்பேட்டையில் அந்த மாதம் எல்லோருக்கும் நாடி எழுபத்திரண்டு. மாடி ஏறினாலும் எழுபத்திரண்டு, மனைவியிடம் திட்டு வாங்கினாலும் எழுபத்திரண்டு. எல்லாம் கடிகாரச் சித்தரின் அருள்.

சித்தர் இமயமலையிலிருந்து இறங்கியவர் அல்ல. போன வருஷம் வரை செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்த நாகராஜ்தான். ஒரு ஸ்மார்ட்வாட்ச் கம்பெனி கடையை மூடிவிட்டுப் போக, வாங்கியவர்கள் மணிக்கட்டிலெல்லாம் 'போனுடன் இணைக்கவும்' என்ற ஒரே வரி உறைந்து நின்றது. நாகராஜுக்கு அன்றே ஞானம் பிறந்தது.

"கம்பெனிதான் தாய். தாய் செத்தா வாட்ச் பிரேதம். பிரேதத்த கையில கட்டினா கட்டினவன் நாடியும் நின்னுடும். பிராணப் பிரதிஷ்டை பண்ணணும்!"

அவ்வளவுதான். காவி கட்டிய சித்தர் உட்கார்ந்த கல்யாண மண்டப வாசலில் விடியும்போதே வரிசை. கல்லூரி மாணவர்கள், குமாஸ்தாக்கள், மகன் பாரிசிலிருந்து அனுப்பிய வாட்சோடு பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். நடுவில் நம் சக்கரபாணி. அரசு அலுவலகத்தில் ரிட்டயர் ஆகும்வரை அத்தாட்சி இல்லாத ஒரு மனுவையும் மேசைவிட்டு நகர்த்தாதவர். சித்தரிடம் மட்டும் அத்தாட்சி கேட்க மறந்துவிட்டார்.

இத்தனைக்கும் மாடியில் குடியிருக்கும் சுடர்விழி முதலிலேயே சொன்னாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள்.

"அங்கிள், கம்பெனி கைவிட்ட வாட்சுக்கெல்லாம், பழைய சாமான ஓட வைக்கிற எங்க குழுவுல சாஃப்ட்வேர் இருக்கு. ஞாயித்துக்கிழமை குடுங்க, போட்டுத் தர்றேன். காசெல்லாம் வேணாம்."

"காசு வேணாமா?"

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. சும்மா கிடைப்பதில் என்ன சக்தி இருக்கும்?

சித்தர் தட்சணையை வாங்கிக்கொண்டு வாட்சைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். மணி அடித்தது. சாம்பிராணி புகைந்தது. திரும்பி வந்த வாட்சில் மணி ஓடியது, மேலே ஓம், கீழே எழுபத்திரண்டு.

"தெய்வ நாடி! இது கையில இருக்கிறவரைக்கும் மாத்திரை வாயில படக்கூடாது. பட்டா நாடி கோச்சுக்கும்."

பிரஷர் மாத்திரை பரணுக்குப் போனது. கோரிமேடு ஆஸ்பத்திரியில் டாக்டர் வரச்சொன்ன நாள் வந்து, போனது. ஒரு காலை படியேறும்போது சக்கரபாணிக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தார். எழுபத்திரண்டு. "நல்லாத்தான் இருக்கேன்" என்று சுவரிடம் சொன்னார்.

சுவர் நம்பியது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி அமிர்தவல்லி நம்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மீன்கார அஞ்சலாட்சி வாசலில் கொடுவா மீனைக் கீறிச் சுத்தம் செய்து வைத்தாள். குடலோடு ஈரலோடு வந்ததையெல்லாம் வீட்டுப் பூனை முடித்துக்கொண்டது. சக்கரபாணி குளிக்கப் போயிருந்தார், வாட்ச் ஜன்னலில் இருந்தது. அமிர்தவல்லி அதை எடுத்து மீனின் வாலில் கட்டினாள்.

எழுபத்திரண்டு.

"நேத்து மீனுன்னு பேரம் பேசினியே யக்கா!" என்று அஞ்சலாட்சி துள்ளினாள். "நாடி ஓடுது பாரு. இதுக்கு மேல ஃப்ரெஷ்ஷா எங்க போய் வாங்குவ?"

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. மீனை ஒயர் கூடையில் வைத்தாள். "ஏங்க, கெளம்புங்க. சித்தரப் பாத்துட்டு வரலாம்."

மனைவிக்கும் பக்தி வந்துவிட்டது என்று சக்கரபாணிக்குக் கண் கலங்கியது. வாட்ச் எங்கே என்றோ, சுடர்விழியும் அஞ்சலாட்சியும் ஏன் கூடவே வருகிறார்கள் என்றோ அவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் கூடை திறந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தர் ஒரு நொடிதான் திணறினார்.

"மீனுலயும் ஆண்டவன் இருக்கான் தாயே! மச்சாவதாரம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சக்கரபாணியும்தான்.

"இருக்கட்டும் சாமி," என்றாள் அஞ்சலாட்சி. "ஆனா இது வயித்தக் கீறின மீனு. இதயத்த இவங்க வீட்டுப் பூனை தின்னுடுச்சு. இப்ப அடிக்கிறது மீனா, பூனையா?"

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுப் பென்ஷன் பெரியவர் தலையில் கைவைத்தார். பிறகு தன் வாட்சைக் கழற்றிக் குத்துவிளக்கில் கட்டினார். எழுபத்திரண்டு. இன்னொருவர் வாழைமரத்தில் கட்டினார். நாற்காலிக் கால்கூடப் பாக்கியில்லை. மண்டபமே பூரண ஆரோக்கியத்தோடு இருந்தது.

சுடர்விழி திரையை இழுத்தாள். சாம்பிராணிக்கு நடுவே ஒரு லேப்டாப் இருமிக்கொண்டிருந்தது.

"வாட்ச ஓட வெச்சது சாஃப்ட்வேர். முகம் தெரியாத பத்துப் பேரு லீவு நாள்ல உக்காந்து எழுதி சும்மா குடுத்தது. இவரு சேத்தது அந்த எழுபத்திரண்ட மட்டும். அது நாடி இல்ல, படம்."

"இத்தன வேல தெரியுதே," என்றாள் அமிர்தவல்லி, "காவி எதுக்குப்பா?"

நாகராஜ் தலையைச் சொறிந்தான். "வெறும் நாகராஜா இதையே ரிப்பேர்னு சொன்னப்ப ஒருத்தரும் வரலியே யக்கா."

வரிசையில் நின்றிருந்தவர்கள் குனிந்து தங்கள் வாட்சைத் துடைத்தார்கள்.

சுடர்விழி மீன் வாலிலிருந்து வாட்சைக் கழற்றி, அங்கேயே அந்தப் படத்தை நீக்கி, சக்கரபாணி கையில் கட்டிவிட்டாள். மணிக்கட்டில் நிஜ எண் எகிறிக்கொண்டு வந்தது. அவர் முகம் வெளுத்தது.

"இதையும் நம்பி உக்காந்துடாதீங்க அங்கிள். இது வாட்ச், டாக்டர் இல்ல."

"வண்டிய எடும்மா," என்றார் சக்கரபாணி சின்னக் குரலில். சுடர்விழியின் ஸ்கூட்டர் நேரே கோரிமேட்டுக்குப் போனது. டாக்டர் பிரஷர் பார்த்தார், பிறகு சக்கரபாணியைப் பார்த்தார், பிறகு பேசினார். அந்தப் பேச்சை அச்சில் போட முடியாது. மாத்திரை பரணிலிருந்து இறங்கியது.

இப்போது ஞாயிறுதோறும் சுடர்விழியின் குழு அதே மண்டபத்து வாசலில் உட்கார்ந்து பழைய வாட்சுகளை ஓடவைக்கிறது. காவியில்லாத நாகராஜும் ஒரு மூலையில் உட்காருகிறான். வரிசைதான் பழைய நீளம் இல்லை. சும்மா செய்து கொடுக்கிறார்களே, ஜனங்களுக்குச் சந்தேகம்.

ஒன்று மட்டும் சொல்லலாம். நம் எல்லோர் கழுத்துக்கு மேலேயும் இன்னொரு கருவி இருக்கிறது. ரொம்பப் பழைய மாடல். அதைக் கம்பெனி நிறுத்திவிட்டதாக இதுவரை தகவல் இல்லை. என்றைக்காவது ஒருநாள் ஆன் செய்துதான் பாருங்களேன்.