மாமனாருக்கு நான் வாங்கிய டானிக்

அரைகுறையாகத் தெரிந்தவன் ஆபத்தானவன். அவனே வீட்டு மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் தடுக்க ஆளே கிடையாது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடும் என் மாமனாருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருக்கிறது, சாப்பாட்டில் குறைக்க வேண்டும் என்ற டாக்டர், உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். (அவர் எதற்கு, நான்தான் இருக்கிறேனே!) கும்மிடிப்பூண்டியில், பெயின்ட் அடிக்குமுன் தகரத்தை பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் என் வேலை.

மாமாவுக்கு ஒரே சந்தேகம். "பாஸ்பரஸுன்னா மணிச்சத்துதானே மாப்ளே? டிஏபி போட்டா நெல்லு நல்லா மணி புடிக்குது. எனுக்கு ஏறினா மட்டும் இன்னா கேடு?"

எனக்கு ஞானம் பிறந்தது. டிஏபி உரம் நெல்லுக்குள் போகிறது, நெல் மாமாவுக்குள் போகிறது! சொந்த வயல் சோற்றுக்குத் தடை போட்டேன். உரம் படாத பொருள் என்று பாக்கெட் சீஸும், அரிப்புக்குக் குளிர்ச்சியாகக் கறுப்பு கோலாவும் வாங்கிக் குவித்தேன். லேபிள்களைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பாஸ்பரஸ் என்ற பேச்சே இல்லை, ஏதோ நம்பர்கள்தான் இருந்தன.

"சோறு துன்னாம காஞ்சிக்கினு கீறாரு மனுசன்" என்று அத்தை முனகியது என் காதில் ஏறவில்லை.

அடுத்த பரிசோதனையில் பாஸ்பரஸ் இன்னும் ஏறியிருந்தது. மாமா முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. திருவள்ளூரில் இருந்த உணவு ஆலோசகர் அம்மாவிடம் ஓடினோம்.

"சோத்த நிறுத்தினது யாரு?"

மாமா என்னைக் கை காட்டினார். அந்த அம்மா கோலா பாட்டிலைத் திருப்பினார்.

"இந்த 338 என்னன்னு தெரியுமா சார்? பாஸ்பாரிக் ஆசிட்."

எங்கள் கம்பெனியில் தகரத்துக்குத் துரு எடுக்கும் டிரம்மில் எழுதியிருப்பதும் அதே பெயர்தான் என்று உளறிவிட்டேன்!

"வெள்ளைச் சோத்துல பாஸ்பரஸ் கம்மி. அதுலயும் பாதி உடம்புல ஒட்டாது. பாக்கெட்ல சேர்க்கிறது கிட்டத்தட்ட அப்படியே ரத்தத்துக்குப் போயிடும். கிட்னி நல்லா இருந்தா மிச்சத்தை வெளிய தள்ளும். இவருக்குத் தேங்குது. தேங்கினா அரிக்கும், எலும்பும் வீக்காகும்."

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ இத்தினி நாளா எனுக்குத் துரு எடுத்துக்கினு இருந்தியா மாப்ளே?"

சோறு திரும்பி வந்தது, அரிப்பும் அடங்கியது. மிஞ்சிய கோலாவை மாமா பம்புசெட்டில் துருப்பிடித்துக் கிடந்த போல்ட்டில் ஊற்றி ஊறவிட்டார். மறுநாள் ஸ்பேனர் வைத்ததும் சுழன்றுவிட்டது. இப்போதும் நான் மாமனார் ஊருக்குப் போனால், போல்ட் இறுகிப்போன யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்.

"உங்க மாமனாருக்குக் குட்த்தியே ஒரு டானிக்கு, அது ரவ கீதா?"