நடுவில் எத்தனை வருஷம்?

கடலுக்குள் இருக்கும் ஆபத்துகளைப் பற்றித் தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுறா கடிக்கும், திருக்கை வாலால் அடிக்கும், சொறிமீன் பட்டால் மூன்று நாளைக்கு விடாமல் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மீனவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரத்தில் ஆளுக்கொரு கைமருந்து சொல்வார்கள். ஆனால் கரையில், பஸ்ஸிலும் ரயிலிலும் கல்யாணப் பந்தியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும், சலவை வேட்டி கட்டிக்கொண்டு, முகத்தில் பால் வடியச் சிரித்துக்கொண்டு, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவன் உண்டு. அது கடிக்காது. அடிக்காது. உங்கள் பிள்ளைகளை ஒருமுறை பார்க்கும், உங்களை ஒருமுறை பார்க்கும், மறுபடியும் பிள்ளைகளைப் பார்க்கும், பிறகு கேட்கும்:

“மூத்ததுக்கும் இளையதுக்கும் எத்தனை வருசம் வித்தியாசம்?”

இதற்குத்தான் மருந்தே கிடையாது.

ஏனென்றால் இந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு வருஷம் என்று சொல்லிப் பாருங்கள், “அடேயப்பா, என்ன அவசரம்!” என்பார். இரண்டு என்றால், “மூத்தது பால்குடியே மறந்திருக்காதே, பாவம்” என்பார். ஐந்து என்றால், “டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” பத்து என்றால் பேச மாட்டார், உங்கள் மனைவியை உற்றுப் பார்த்து இவள் முதல் தாரமா இரண்டாம் தாரமா என்று மனசுக்குள் ஆராய்வார். ஒரே பிள்ளைதான் என்று தப்பிக்கப் பார்த்தால், “தனிமரம் தோப்பாகாதுல்லா!” சரி, யாரும் குறை சொல்ல முடியாதபடி மூன்று வருஷம் என்று சொன்ன ஒரு மகராசனும் இருந்தார். அவரையும் விடவில்லை. “சொல்லி வச்ச மாதிரில்லா இருக்கு!”

இந்த இனத்தில் ஒரு தலைசிறந்த உருப்படியை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் அருமைநாயகம். சொந்த ஊர் நாசரேத். வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க். அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் கடலிலேயே நின்றுவிடும். தோணிகள்தாம் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். தோணியிலிருந்து இறங்கும் மூடைகளை எண்ணிக் கோடு போடுவது அவர் வேலை. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. கப்பல் காகிதத்தில் ஐநூறு என்று இருந்து, கரைக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தால், “நடுவுல ரெண்டு எங்கவே?” என்று கேட்பதற்கென்றே அவருக்குச் சம்பளம். கஷ்டம் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்வியைச் சம்பளமில்லாமல் ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு, சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தை வரைந்து, பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி விடுங்கள் என்று அரசாங்கமே எழுதிப்போட்டது. பிடிக்க முடியுமா மனுஷனை? “கவர்மெண்டே கேக்கு, நான் கேட்டா என்ன?” என்றார்.

அவர் போகும் கிறிஸ்தவ சபையில் எபனேசர் என்று ஒரு வாத்தியார். நாற்பத்தைந்து பையன்கள் அவர் செருப்புச் சத்தத்துக்கே நடுங்குவார்கள். அவருடைய இரண்டு மகன்களுக்கும் பதினோரு மாதம்தான் வித்தியாசம். வருஷா வருஷம் சபையே கூடிச் சாப்பிடும் கோயில் அசனப் பந்தியில், சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில், எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி அருமைநாயகம் கேட்பார்: “சார்வாள், ஒரே வருசத்துல ரெண்டு பரீட்சை எழுதுனது நீங்க ஒருத்தர்தான், என்ன?” எபனேசர் சார்வாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போவார்.

கேட்டு முடித்ததும் அருமைநாயகம் ஒரு வாக்கியம் சொல்வார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். “தப்பா நெனைக்காதீங்க. சும்மா தெரிஞ்சுக்கிடுததுக்குத்தான்.”

எழுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் ஒருநாள் அருமைநாயகமும் அவர் மனைவி ஜெயபாயும் நாசரேத் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர் சீட்டில் ஆழ்வார்திருநகரிக்காரர் ஒருவர். பெயர் சக்ரபாணி. நெற்றியில் பளிச்சென்று திருமண், பக்கத்தில் மனைவி குமுதவல்லி, ஒரு பெண், ஒரு பையன். இவர் சும்மா இருப்பாரா?

“தம்பிக்கு எத்தனை வயசு?”

பையன் பாஷ்யம் மூன்று விரலைக் காட்டினான்.

“பாப்பாவுக்கு?”

“பன்னிரண்டு,” என்றாள் பூமா.

அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாமி, நடுவுல ஒம்பது வருசம் விழுதே?”

“ஆமாம்,” என்றார் சக்ரபாணி. சாதாரண மனுஷனுக்கு இது போதுமான பதில்.

“நடுவுல ஒண்ணுமே இல்லியா, இல்ல…?”

“இல்லை.”

“டாக்டரப் பாத்தீங்களா? இல்ல, சாமிக்கு இது ரெண்டாந்தாரமோ?”

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். குமுதவல்லி பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள், உப்பளம் முடிந்து, வாழைத்தோட்டம் வந்து, ஊர் வந்து இறங்கும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயபாய் தன் புருஷன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“ஏளா, எதுக்குக் கிள்ளுத? சும்மா தெரிஞ்சுக்கிடுததுக்குத்தான கேட்டேன்!”

இவ்வளவு பேரைக் கேட்டவரைத் திருப்பி ஒருத்தரும் கேட்டதில்லையா என்று நினைப்பீர்கள். கேட்க முடியாது. அவருக்குக் கிரேசி என்று ஒரே மகள். வித்தியாசம் காண வேண்டுமென்றால் இரண்டு எண் வேண்டுமே! தனிமரம் தோப்பாகாது என்று ஊருக்குச் சொன்னவர், தன் தனிமரத்துக்கு அடியில் நிழலாக உட்கார்ந்திருந்தார். கிரேசிக்குக் கல்யாணமாகி, மூன்று மாதக் கைக்குழந்தையாக ஒரு மகனும் இருந்தான். தாத்தா ஆகிவிட்ட மனுஷன், இனி என்ன பயம்?

அடுத்த சித்திரையில் ஜெயபாய்க்கு வயிற்றைப் புரட்டியது. கருவாடு சரியில்லை என்றார் அருமைநாயகம். ஒரு வாரம் கழித்தும் புரட்டியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கருவாட்டின் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார். ஜெயபாய்க்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

செய்தி கேட்டதும் ஒரு தகப்பன் என்ன செய்வான்? சிரிப்பான், அழுவான், ஜெபம் பண்ணுவான். அருமைநாயகம் கழித்தல் கணக்குப் போட்டார். கிரேசிக்கு இருபத்தொன்று. வித்தியாசம் இருபத்தொன்று! அதோடு முடிந்ததா? பிறக்கப்போவது பேரனுக்குச் சித்தியோ மாமனோ, எதுவானாலும் பேரனைவிடப் பதினான்கு மாதம் இளசு. அவர் இதுவரை பார்த்த எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு கணக்கு வந்ததே இல்லை. அன்றைக்குத் துறைமுகத்தில் முந்நூறு மூடையை முந்நூற்று நாற்பது என்று எண்ணிவைத்தார்.

கிரேசியோ தகவல் தெரிந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். “எம்மா, எங்க வீட்டுத் தொட்டில கொண்டாந்துருதேன். இவன் நடக்க ஆரம்பிச்சிருவான்லா,” என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. இன்பமணி என்று பெயர் வைப்பதாக முடிவானது. ஞானஸ்நானம் என்றைக்கு என்பதில்தான் சண்டை வந்தது.

“புதன்கிழமை வச்சுக்கிடுவோம்,” என்றார் அருமைநாயகம். “ஐயரவாள், நீ, நான், பிள்ளை. போதும்.”

“ஏன், பிள்ளை என்ன கொழும்புல இருந்து வந்த கள்ளச் சரக்கா, ஆளில்லாத நேரமாப் பாத்து இறக்குததுக்கு?”

“ஏளா, ஊரு கேக்கும்…”

“கேக்கட்டும்! இத்தனை வருசமா ஊருல உள்ளவுகள எல்லாம் நீங்க கேட்டீங்க. அவுக முகத்தப் பாக்கமாட்டாம முந்தானைய இழுத்துக்கிட்டு நின்னது நான். ஒரு நாளைக்கு நீங்க நில்லுங்க. ஞாயித்துக்கிழமை, முழுச் சபைக்கும் முன்னால நடக்கணும். இல்லன்னா பிள்ளையத் தூக்கிட்டுக் கிரேசி வீட்டுக்குப் போயிருதேன். மாசா மாசம் சம்பளத்த மணியார்டர்ல அனுப்புங்க.”

ஜெயபாய் சொன்னால் செய்கிறவள். அருமைநாயகம் அடங்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. டாலித் தாளின் பின்பக்கத்தில், கேட்கப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை வரிசையாக எழுதினார். கர்த்தர் குடுத்தார், வாங்கிக்கிட்டோம். டாக்டரே ஆச்சரியப்பட்டார். எங்க வம்சத்துல இது சகஜம். உம்ம சோலியப் பாரும். இந்தக் கடைசிப் பதில் கோயிலில் செல்லாது என்று குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். ராத்திரியெல்லாம் மற்ற மூன்றையும் மனப்பாடம் பண்ணினார். எபனேசர் சார்வாளின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. மனுஷன் எத்தனை அசனத்துக் கடனைச் சேர்த்துவைத்திருப்பார்!

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. சபைப் போதகர் கிருபாநிதி ஐயர் பிள்ளையை வாங்கித் தண்ணீர் தெளித்தார், இன்பமணி ஊரைக் கூட்டினாள், ஆராதனை நல்லபடியாக முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் மக்ரூனும் காப்பியும். அருமைநாயகம் தட்டை ஏந்திக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி நின்றார்.

முதலில் வந்தவர் எபனேசர். அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு முதல் பதிலை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தார்.

“மக்ரூன் நல்லா மொறுமொறுன்னு இருக்கே அண்ணாச்சி. எந்தக் கடை?” என்றார் எபனேசர். இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து, ஆறு மகள் பெற்ற ஒரு அம்மாள். பிரசவ வார்டுக்கே போய் அருமைநாயகம் விசாரித்த அம்மாள். “பிள்ளை உங்க சாடைதான். நல்லா இருக்கட்டும்,” என்றாள். போய்விட்டாள். அடுத்தவர் மழை பெய்யுமா என்று கேட்டார். அதற்கடுத்தவர் காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை!

மூன்று பதிலை நெட்டுருப் போட்டவன் பாடு என்னவாகும்? அருமைநாயகத்துக்கு வேர்த்தது. தாமே தூண்டில் போட ஆரம்பித்தார்.

“இது எங்களுக்கு ரெண்டாவது,” என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

“சந்தோசம்.”

“மூத்தவ கிரேசி. கல்யாணம் ஆயிட்டு.”

“தெரியுமே! நாங்க பந்தியில சாப்பிட்டோம்லா. பாயசம் பிரமாதம்.”

“கிரேசிக்கு இப்ப இருவத்தியொண்ணு முடிஞ்சிட்டு.”

“நல்ல வயசு,” என்று அவர் மக்ரூனைக் கடித்தார்.

அவ்வளவுதான். அருமைநாயகம் தட்டைக் கீழே வைத்தார். “வேய்! யாராவது கேட்டுத் தொலைங்கவே!” என்று கத்தினார். “இருவத்தியொரு வருசம்! மூத்ததுக்கும் இளையதுக்கும் இருவத்தியொரு வருசம்! நடுவுல ஒண்ணும் கிடையாது! எம் மவளுக்கு அவ அக்கா மவன் பதினாலு மாசம் மூப்பு! போதுமா? டாக்டரே ஆச்சரியப்பட்டார்! எங்க வம்சத்துல… எங்க வம்சத்துல…”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எபனேசர்தான் மெல்லக் கிட்டே வந்தார்.

“கேட்டா நீங்க பதிலச் சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீங்களே அண்ணாச்சி. அதான் யாரும் கேக்கப்படாதுன்னு முடிவெடுத்தோம்.”

“யாருவே முடிவெடுத்தா?”

“தீர்மானத்த வழிமொழிஞ்சது நான்தான்,” என்றார் கிருபாநிதி ஐயர், காப்பியை ஆற்றிக்கொண்டே. “முன்மொழிஞ்சது யாருன்னு வீட்டுல கேளும்.”

ஜெயபாய் குனிந்து, பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

சபை சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது. எபனேசர் சார்வாள் சிரித்ததைச் சபையில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த மாதம் பிள்ளையை நாசரேத்துச் சொந்தக்காரர்களுக்குக் காட்டப் பஸ் ஏறினார்கள். எதிர் சீட்டில் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே சக்ரபாணி, அதே குமுதவல்லி, பூமா, பாஷ்யம். குமுதவல்லி அருமைநாயகத்தைப் பார்த்தாள். மடியில் கிடந்த பச்சைப் பிள்ளையைப் பார்த்தாள். ஜெயபாயின் காதோர நரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“கொஞ்சம் தாங்கோ, நான் வெச்சுக்கறேன். பஸ் குலுக்கறது,” என்றாள் குமுதவல்லி. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அருமைநாயகம் தலையை நிமிர்த்தினார். அந்த ஒன்பது வருஷம் இன்னும் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். “தம்பி, மக்ரூன் திங்கியா?” என்று மட்டும் பாஷ்யத்திடம் கேட்டார்.

ஆழ்வார்திருநகரி வந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது குமுதவல்லி ஜெயபாயின் காதில் ஏதோ சொன்னாள். நாலே வார்த்தை. ஜெயபாய் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

“என்ன சொன்னா?” என்றார் அருமைநாயகம்.

ஜெயபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏளா, அந்த ஒம்பது வருசமா? சொல்லேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

நாசரேத் வரும்வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு அது தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை. குமுதவல்லியுடைய ஒன்பது வருஷம், உங்களுக்கு என்ன வந்தது? என்ன, சொறிமீன் பட்ட மாதிரி அரிக்கிறதா? அந்த நாலு வார்த்தை என்னவாக இருக்கும் என்று மேலே போய்த் திரும்பப் படித்துப் பார்க்கிறீர்களா? ஜெயபாய் கிரேசியை எந்த வயதில் பெற்றாள் என்று நடுவில் நீங்கள் விரலை மடக்கியதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பாக நினைக்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தானே?