எட்டுக்காடு லீக்கில் சேர்ந்த முள்ளம்பன்றிகள்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் இந்தக் கரையில் ஒரு கல்லூரி, அந்தக் கரையில் ஒரு கல்லூரி. இந்தக் கரையில் முள்ளம்பன்றிகள் படித்தன. அந்தக் கரையில் ஆமைகள் படித்தன.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் இரண்டு கல்லூரிகளும் ஆற்று மணலில் கபடி ஆடும். ஆமை பாடிக்கொண்டு புறப்பட்டால் நடுக்கோட்டை அடைவதற்குள் மூச்சு முடிந்துவிடும். முள்ளம்பன்றி பாடிக்கொண்டு போனால் ஆமைகள் எல்லாம் ஓட்டுக்குள் போய்விடும். ஓட்டைத் தொட்டால் ஆமையைத் தொட்டதாகுமா என்று நடுவர் கொக்குக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் அவருடைய அப்பா நடுவராக இருந்த காலத்திலிருந்தே தீரவில்லை. ஆகவே ஆட்டம் எப்போதும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஆனாலும் காடே திரண்டு வரும். தொட்டதுதான் என்று பாதிக் காடும், தொடவில்லை என்று மீதிக் காடும் அடுத்த மழை வரைக்கும் வாதாடும்.

முள்ளம்பன்றி அணியின் தலைவி செண்பகம். ஆமைகளின் தலைவி அமிர்தம். களத்தில் பரம எதிரிகள். ஆட்டம் முடிந்ததும் ஒரே கிழங்கைப் பிட்டுத் தின்பார்கள்.

ஒருநாள் முள்ளம்பன்றிக் கல்லூரியின் முதல்வர் சிகாமணியைப் பார்க்க ஓர் ஓணான் வந்தது. சிகாமணி ஒரு மயில். ஓணானின் பெயர் கிருபாகரன். கிளை டிவியில் வேலை.

"ஐயா, உங்க பிள்ளைங்க ஆட்டத்தைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட எடுக்கலை. ஆனா முள்ளு நல்லா இருக்கு. டிவியில பளபளன்னு தெரியும். எட்டுக்காடு கபடி லீக்ல சேர்ந்துடுங்க."

"அதுல எத்தனை காடு இருக்கு?"

"உங்களோட சேர்த்துப் பன்னிரண்டு."

"அப்ப பேரை மாத்தலாமே?"

"காட்டை மாத்தலாம் ஐயா. பேரு டிவியில பதிஞ்சுபோச்சு."

"எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"டிவிப் பணத்துல சம பங்கு. முதல் சில வருஷம் மட்டும் அதுல பாதி."

சிகாமணி சற்று யோசித்தார். "அக்கரை ஆமைகளும் வரலாமா?"

"ஆமை டிவிக்குச் சரிப்படாது ஐயா. படம் நின்னுபோச்சுன்னு நினைச்சு ஜனங்க டிவியைத் தட்டுறாங்க."

மறுநாள் மாணவர்களைக் கூட்டி, "இது முழுக்க முழுக்க மாணவர் நலனுக்காக எடுத்த முடிவு" என்று சிகாமணி அறிவித்தார். அந்தக் காட்டில் யாராவது அப்படிச் சொன்னால் மாணவர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவது வழக்கம். செண்பகமும் கட்டினாள். உள்ளூர அவளுக்குச் சந்தோஷம்தான். டிவியில் முகம் தெரியும், கடல் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

முதல் ஆட்டம் மேற்குக் கடற்கரையில், நண்டுகளோடு. அடுத்தது கிழக்கு மலை உச்சியில், காட்டெருமைகளோடு. அதற்கடுத்தது மறுபடியும் கடற்கரை. இந்த வரிசையை யார் போட்டது என்று செண்பகம் கேட்டாள். இளநீர்க் கம்பெனி போட்டது என்றான் கிருபாகரன். வெயில் கொளுத்தும்போதுதான் இளநீர் விளம்பரம் எடுபடும் என்பதால் எல்லா ஆட்டங்களும் உச்சி வேளையில் நடந்தன. முள்ளம்பன்றிகள் தூங்கும் நேரம் அது.

நண்டுகளோடு ஆடியபோது செண்பகம் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டே போய் எதிரணிக் களத்தின் நடுவில் தூங்கிவிட்டாள். வாய் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. நண்டுகள் அவளைச் சுற்றி நின்று பார்த்தன. யாரும் முள்ளில் கை வைக்கவில்லை. தூக்கத்தில் அவள் புரண்டபோது ஒரு நண்டின் மேல் வால் பட்டது. இன்னொரு புரளலில் நடுக்கோட்டைத் தாண்டினாள். அந்த ஆண்டு முள்ளம்பன்றிகள் எடுத்த ஒரே புள்ளி அதுதான். காட்டெருமைகளோடு ஆடியதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

பாடமும் போயிற்று, பரீட்சையும் போயிற்று. பருவம் முடிந்து, முள்ளெல்லாம் ஒடிந்து, செண்பகம் ஊர் திரும்பினாள். கல்லூரியில் கண்ணாடி அரங்கம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் தன் தோகை தெரிகிறதா என்று சிகாமணி சரிபார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் ஆற்றங்கரைக்குப் போனாள். அமிர்தம் நீரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்த வருஷம் மணல்ல ஆட்டமே இல்லையா?"

"யாரோட ஆட? நாங்களே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஆடினோம். இன்னும் முடியலை."

"டிவியில என்னைப் பார்த்தீங்களா?"

"தூங்கினதைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டாங்க. கீழே இளநீர் படம்." அமிர்தம் கழுத்தை நீட்டி அவளை உற்றுப் பார்த்தாள். "ரொம்ப இளைச்சுட்டேடி."

செண்பகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு ஆட்டம் ஆடலாமாக்கா? யாருக்கும் சொல்ல வேண்டாம்."

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் காடு முழுவதும் மணலில் இருந்தது. செண்பகம் பாடிக்கொண்டு போனாள். ஆமைகள் ஓட்டுக்குள் போயின. அவள் ஓட்டைத் தொட்டாள். கொக்கு கண்ணை மூடி யோசித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பல மாதம் கழித்து அன்றுதான் செண்பகம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. லீக்கின் அனுமதி இல்லாமல் ஆடியதற்குச் சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே போனாள். அங்கே கிருபாகரன் உட்கார்ந்திருந்தான்.

"தப்பே இல்லை தங்கச்சி. இவ்வளவு கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ஆமைகளையும் லீக்ல சேர்த்தாச்சு. இனி வருஷா வருஷம் நீங்க ரெண்டு பேரும் மோதலாம்."

செண்பகத்துக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. முள் இருப்பதால் அடக்கிக்கொண்டாள். "அதே மணல்லயா?"

"மேற்குக் கடற்கரையில. உச்சி வேளையில."

"அவங்க வீடு அந்தக் கரை, எங்க வீடு இந்தக் கரை அண்ணே."

"அதனாலதான். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு இடம் வேணும்ல."

ஆமைகள் புறப்பட்டன. "நீங்கள்லாம் முன்னாடி போங்கடி" என்றாள் அமிர்தம்.

"முன்னாடி போய் யாரோட ஆட?" என்று செண்பகம் தன் அணியோடு கூடவே நடந்தாள்.

ஆட்ட நாள் வந்தது, போனது. அவர்கள் பாதி வழிகூடத் தாண்டவில்லை. இளநீர்க் கம்பெனி வாங்கிய நேரம் டிவியில் காலியாகக் கிடந்தது. கிருபாகரனுக்கு நிறம் மாறிவிட்டது. வேறு வழி தெரியாமல் ஒரு குரங்கிடம் கேமராவைக் கொடுத்து, ஆமைகள் வருவதையாவது காட்டச் சொன்னான்.

வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அமிர்தம் அதன்மேல் ஒரு காலை வைத்தாள். அடுத்த கால் எது என்று காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அதுவரை டிவியைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுவந்து காட்டினார்கள். அவள் மரத்தைத் தாண்டி முடித்தபோது இளநீரோடு கால்வலித் தைலமும், குடைக் கம்பெனியும் வந்து சேர்ந்திருந்தன.

லீக்கின் கூட்டம் அவசரமாகக் கூடியது. சிகாமணியும் போயிருந்தார். கபடி என்றால் நடுவர் வேண்டும், களம் வேண்டும், பிறகு தகராறு வேறு. நடப்பதற்கு இது எதுவும் வேண்டாம். மாணவர்கள் ஏற்கெனவே பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே எட்டுக்காடு கபடி லீக்கிலிருந்து கபடி நீக்கப்பட்டது. முடிவு ஏகமனதானது, அதுவும் மாணவர் நலனுக்காகவே.

கடல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கிருபாகரன் எதிரே ஓடி வந்தான். "நில்லுங்க, நில்லுங்க. போய்ச் சேர்ந்துடாதீங்க. ஆட்டத்தைக் கிழக்கு மலைக்கு மாத்தியாச்சு. அப்படியே திரும்புங்க."

அமிர்தம் திரும்புவதற்கே அரை நாள் ஆனது. அதை டிவியில் பார்க்காதவர்கள் காட்டில் இல்லை.

"அங்கேயாவது ஆட விடுவீங்களா அண்ணே?" என்று செண்பகம் கேட்டாள்.

"கிட்டத்துல வந்தப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

செண்பகம் ஒரு குச்சியை எடுத்து, நடுவழியில் குறுக்காக ஒரு கோடு கிழித்தாள். அமிர்தம் மெல்ல நகர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். செண்பகம் மூச்சை இழுத்துக்கொண்டு, "கபடி" என்றாள்.

உடனே கிளை டிவியில் விளம்பரம் போட்டார்கள்.

நீதி: ஆடி ஜெயித்தவருக்குப் புள்ளி கிடைக்கும், போய்க்கொண்டே இருப்பவருக்குத்தான் ஒளிபரப்பு கிடைக்கும். ஆகையால் மாணவர்களே, எந்த லீக்கில் சேர்ந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். உங்கள் முதல்வர் இன்னும் ஓர் அரங்கம் கட்ட வேண்டியிருக்கிறது.