இடம் மாறிய மரம்

நடந்தவை, வரிசையாக:

1. அம்மா என்னைச் சந்தேகப்பட்டார்.
2. நான் செல்வத்தைச் சந்தேகப்பட்டேன்.
3. செல்வம் காட்டைச் சந்தேகப்பட்டார்.
4. கருவி யாரையும் சந்தேகப்படவில்லை. வினையே அதில்தான்.

நான் நில அளவையாளர். சிங்கப்பூரில் காட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணை எந்த அம்மாவும் நம்ப மாட்டார். (நானே நம்பியிருக்க மாட்டேன்.)

“புக்கிட் பாத்தோக்ல எம்ஆர்டி ரயில் இருக்கு, மால் இருக்கு. காடு எங்கடி இருக்கு?” என்றார் அம்மா.

தடயங்களும் எனக்கு எதிராகவே இருந்தன. தலையில் இலை, கையில் கீறல், உடம்பெல்லாம் எலுமிச்சை வாசனை. கொசு மருந்து என்றேன். எடுபடவில்லை.

நான் முதன்முதலாகத் தனியே பொறுப்பேற்ற களப்பணி அது. செங்குத்தான சரிவு, பிரம்பு முள், நடுவில் ஒரு ஓடைப் பள்ளம். சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். சரியாக வந்தால் நான் காட்டில். இல்லையென்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் அளந்ததை வரைய வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

வேலை எளிதுதான். என் உதவியாளர், மன்னார்குடிக்காரரான செல்வம், உச்சியில் சிறு கண்ணாடி பொருத்திய கம்பை மரத்தருகே பிடிப்பார். முக்காலியில் இருக்கும் கருவி தானாகத் தலையைத் திருப்பி, ஒளி பட்டு மின்னும் அந்தக் கண்ணாடியைத் தேடிப் பிடிக்கும். நான் பொத்தானை அழுத்துவேன்.

அன்று திரையில் ஒரு மரம் ஓடைப் பள்ளத்துக்குள் போய் நின்றது. மறுபடி அளந்தேன். சரியான இடத்துக்கு வந்தது. அடுத்த மரம் பள்ளத்துக்குள் போனது.

“செல்வம், கம்பை எங்க வெச்சீங்க?”

“மரத்தை ஒட்டித்தான் மேடம்.”

“எங்கயாவது உட்கார்ந்துட்டீங்களா?”

“இந்த முள்ளுல எங்க மேடம் உட்கார்றது?”

நான் நம்பவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன், விசாரணைக்காக. (அந்த வயதில் எனக்கு என் விசாரணைகள்மேல் அபார நம்பிக்கை.)

அவர் வந்து நின்றார். கருவி மெதுவாகத் தலையைத் திருப்பி, பள்ளத்தில் ஒரு புதரைப் பார்த்து நின்றது. கண்ணாடி கிடைத்துவிட்டது என்றது திரை.

செல்வத்தின் குரல் இறங்கிவிட்டது. “மேடம், நான் இங்க இருக்கேன். அது அங்க யாரைப் பாக்குது?”

அளந்தேன். மறுபடி அளந்தேன். அந்த ‘மரம்’ இரண்டு மீட்டர் நகர்ந்திருந்தது.

“காட்டுப்பன்னியா இருக்கும்.”

“பன்னி மின்னுமா மேடம்?”

நான் பதில் யோசிப்பதற்குள் புதருக்குள் போன் அடித்தது. பிறகு என் மாமாவின் ரகசியக் குரல். (காடு முழுக்கக் கேட்கும்.)

“அக்கா, அவ வேலைதான்க்கா பாக்குறா... ஆமா, நிஜக் காடு லா... ஒரு ஆம்பளை இருக்காரு. இல்லக்கா, அவரைத் திட்டிக்கிட்டுதான் இருக்கா... திட்டினா நெருக்கமா? அது எனக்குத் தெரியாதுக்கா.”

மாமா அம்மாவின் தம்பி. சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்பவர். என் போன் எங்கே இருக்கிறது என்று அம்மா பார்க்கும் வசதியை, பாதுகாப்புக்காக, நானேதான் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை வைத்து வேவு பார்க்க வந்தவர், கார்க்காரர்கள் தூரத்திலேயே பார்க்கட்டும் என்று தேக்கா சந்தையில் வாங்கிய, பட்டைபட்டையாக மின்னும் சட்டையில் ஒளிந்திருந்தார். இலைகள் கம்பை மறைத்தபோதெல்லாம் கருவி அவரைப் பிடித்துக்கொண்டது.

“மாமா!”

“சறுக்கி விழுந்துட்டேன்மா. அப்பலேருந்து ஏறப் பாக்குறேன்.”

செல்வம் கம்பை நீட்டி அவரை மேலே இழுத்தார். செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம். நல்லவேளை, பேய் இல்ல” என்றார்.

அதற்குள் காலை அளவுகள் அலுவலகம் போயிருந்தன. ஓடைக்குள் ஏன் ஒரு மரம் உலாவுகிறது என்று மேலாளர் போனில் கேட்டார். அது என் மாமா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால், சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் இருக்குமா என்று கேட்டார்.

இருக்கும்.

எல்லா மரங்களையும் முதலிலிருந்து அளந்தோம். இந்த முறை எதுவும் நகரவில்லை. மேலாளர் என்னைக் காட்டிலேயே விட்டுவைத்தார், உறவினர்கள் யாரும் உள்ளே இல்லை என்று தினமும் உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. கல்யாண வீடுகளில் மாமா நாற்காலி மாறி உட்கார்ந்தால், “மரம் நகருது பாரு” என்று இன்றும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

தற்போதைய நிலை: சிங்கப்பூரில் காடு இருப்பதை அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். செல்வத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறார். ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் என்கிறேன். நம்பவில்லை.